ஜெர்மன் ஊர்களில் பழைய சுவர்களைப் படிப்பது எப்படி

ஃப்ரைபுர்க் பேராலயத்துக்கு வருகிறவர்களில் பலர் 116 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடியே உள்ளே போய்விடுகிறார்கள். வாயில் மண்டபத்துக் கல்லில் ரொட்டியின் வடிவம் வெட்டியிருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. வட்டமாகவும் நீளவாக்கிலும் சில கோடுகள், பக்கத்தில் 1270, 1317, 1320 என்று ஆண்டுகள். அந்தந்தக் காலத்தில் ஊர்ச் சந்தையில் விற்ற ரொட்டி இந்த அளவுக்கு இருந்தாக வேண்டும் என்று நகரம் போட்ட சட்டம் அது. பேராலயத்தைச் சுற்றித்தான் சந்தை கூடும். கையில் வாங்கிய ரொட்டியில் சந்தேகம் வந்தால் நாலு எட்டு நடந்து கல்லோடு ஒப்பிட்டுவிடலாம்.

இப்படிப்பட்ட அடையாளங்கள் ஜெர்மனியின் பழைய ஊர்களில் ஏராளம். அவற்றைத் தேடிப் பிடிப்பதற்கும், பிடித்தபின் தவறாகப் படித்துவிடாமல் இருப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதன் சாரம் இது: எந்தப் பொருளைப் பார்த்தாலும் மூன்று வயதைத் தனித்தனியாகக் கேளுங்கள். பொருளின் வயது என்ன, அது இருக்கும் சுவரின் வயது என்ன, அதைப் பற்றிச் சொல்லப்படும் கதையின் வயது என்ன. இந்த மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். சுற்றுலாப் பலகைகள் பெரும்பாலும் மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முன்ஸ்டர் நகரம் நல்ல உதாரணம். லாம்பெர்ட்டி தேவாலயக் கோபுரத்தில், கடிகாரத்துக்கு மேலே, மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்குகின்றன. 1536 ஜனவரி 22 அன்று கொல்லப்பட்ட மறுஞானஸ்நான இயக்கத் தலைவர்கள் மூவரின் உடல்களை அவற்றில் போட்டுத் தொங்கவிட்டார்கள். கூண்டுகள் அந்தக் காலத்தவை. ஆனால் நீங்கள் பார்க்கும் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுந்தது. பழைய கோபுரம் சாய்ந்து ஆபத்தாக நின்றதால் அதை இடித்து, ஃப்ரைபுர்க் கோபுரத்தை மாதிரியாக வைத்துப் புதிதாகக் கட்டி, 1898-இல் கூண்டுகளை மறுபடி ஏற்றினார்கள். 1944 குண்டுவீச்சில் அவை சேதமாகி, 1948-இல் திரும்பவும் மேலே போயின. பொருளுக்கு 16-ஆம் நூற்றாண்டு, சுவருக்கு 19-ஆம் நூற்றாண்டு.

புறப்படும் முன்

முதலில் அந்த ஊரின் பேரழிவுத் தேதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய தீ எப்போது, படையெடுப்பு எப்போது, இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்தது எப்போது. இந்த மூன்று தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஹைடல்பெர்க் 1693-இல் பிரெஞ்சுப் படையால் எரிந்தது. ஆகவே அங்கே 1592 என்று ஆண்டு போட்ட 'ரிட்டர்' வீட்டைக் கண்டால், எரியாமல் தப்பிய அபூர்வமான கல் வீடு என்று உடனே புரியும். மற்ற வீடுகள் தீக்குப் பின் பரோக் என்னும் 17, 18-ஆம் நூற்றாண்டு அலங்காரப் பாணியில் எழுந்தவை, தெருக்கள் மட்டும் பழைய கோட்டிலேயே ஓடுகின்றன. ஹில்டெஸ்ஹைம் 1945 மார்ச் 22-இல் எரிந்தது. அதன் சந்தைச் சதுக்கத்தில் உள்ள கசாப்புக்காரர் சங்க வீட்டின் ஆண்டு 1529. இப்போது நிற்பதோ 1987-க்கும் 1989-க்கும் இடையில் திரும்பக் கட்டியது. பிராங்க்ஃபர்ட்டின் ரோமர்பெர்க் சதுக்கத்தில் கிழக்கு வரிசை மர வீடுகள் 1980-களின் தொடக்கத்தில் எழுந்தவை.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. தையல்காரர் வைத்திருக்கும் 150 செ.மீ. துணி டேப் ஒன்று. இரும்பு டேப் வேண்டாம், அதன் முனை மணற்கல்லைக் கீறும். சின்ன டார்ச் ஒன்று, 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று, நோட்டுப் புத்தகம். சாக்பீஸால் எழுத்துக்கு மேல் பூசுவது, தாள் வைத்துத் தேய்ப்பது இரண்டையும் செய்யவே கூடாது. பல நூற்றாண்டு மழையில் இளகிப்போன மணற்கல்லின் மேல்தோல் விரல் பட்டாலே உதிரும். எழுத்துத் தெரியவில்லை என்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒளி சாய்ந்து விழும்போது ஒரு மில்லிமீட்டர் பள்ளம்கூட நிழல் காட்டும். நேர் எதிரே நின்று ஃப்ளாஷ் போட்டால் இருக்கிற எழுத்தும் மறைந்துவிடும். காலை, மாலை வெயில் சுவரை உரசிப் போகும் நேரம் இதற்கு மிகவும் ஏற்றது.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு நாடு முழுவதும் 'டாக் டெஸ் ஆஃபெனென் டெங்க்மால்ஸ்', அதாவது நினைவுச்சின்னத் திறப்பு நாள். 1993 முதல் நடக்கிறது. மற்ற நாளில் பூட்டியிருக்கும் கூரை உட்புறம், நிலவறை, தனியார் வீடுகள் பல அன்று திறந்திருக்கும். பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நகரமன்றச் சுவரில் முழக்கோல்

ஊருக்குள் போனதும் முதலில் நகரமன்றத்தின் வாசல் ஓரத்தைப் பாருங்கள். சுவரில் பதித்த இரும்புக் கம்பிகள் இருக்கும். கொடிக்கம்பம் மாட்டவோ விளக்கு தொங்கவிடவோ வைத்தது என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். துணி வியாபாரியின் முழம் அது. ஜெர்மனில் 'எல்லெ' என்பார்கள். ரேகன்ஸ்பூர்க் பழைய நகரமன்ற வாசலில் அடி, முழம், மார் மூன்றும் பெயரெழுதி வரிசையாக இருக்கின்றன. பிரவுன்ஷ்வைக்கின் பழைய நகரமன்றத் தூணில் அந்த ஊர் முழம் இருக்கிறது. ஃப்ரைபுர்க்கில் ரொட்டிக்குப் பக்கத்திலேயே முழமும் இருக்கிறது, அருகே தானிய அளவும் செங்கல், ஓட்டின் அளவும் உண்டு.

டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். ஃப்ரைபுர்க் முழம் சுமார் 54 செ.மீ. பிரவுன்ஷ்வைக் முழம் 57 செ.மீ.யை ஒட்டி வரும். ரேகன்ஸ்பூர்க் முழமோ 81 செ.மீ.யைத் தாண்டும். பத்து முழம் துணி என்று ஃப்ரைபுர்க்கில் பேசினால் ஐந்தரை மீட்டருக்கும் குறைவு, ரேகன்ஸ்பூர்க்கில் பேசினால் எட்டு மீட்டருக்கும் மேல். வெளியூர் வியாபாரி தன் கோலைக் கொண்டுவந்து அளந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், ஏன் இந்தக் கம்பியைச் சுவரில் அறைந்து வைத்தார்கள் என்பது விளங்கும். மரக்கோலைத் தேய்க்கலாம், ஒடிக்கலாம். ஊர்ச் சுவரில் அறைந்த இரும்பை எல்லாருடைய கண்ணெதிரிலும் குறைக்க முடியாது.

அளக்கும்போது வரும் பிழை ஒன்று உண்டு. கம்பியின் முழு நீளத்தையும் அளந்துவிடுவார்கள். சில கம்பிகளில் இரு முனையிலும் வளைந்த கொக்கி அல்லது குமிழ் இருக்கும். துணி நீட்டிப் பிடிப்பது அந்த இரண்டுக்கும் நடுவில்தான், அளவும் உட்புறத்திலிருந்து உட்புறம்தான். பிரேமன் சந்தையில் நிற்கும் ரோலாண்ட் என்ற பழங்கதை வீரனின் சிலையில் அளவு இன்னொரு விதமாக ஒளிந்திருக்கிறது. 1404-இல் நிறுத்திய கல் சிலை, அதன் இரண்டு முழங்கால் கவசங்களின் கூர்முனைகளுக்கு நடுவிலான தூரமே ஒரு பிரேமன் முழம் என்பது அந்த ஊரின் மரபு. அதற்கு முன் அங்கே மரத்தால் ஆன ரோலாண்ட் நின்றது. 1366-இல் பேராயரின் ஆட்கள் அதை எரித்துவிட்டார்கள். அதனால்தான் அடுத்ததைக் கல்லில் செய்தார்கள் என்று எளிதில் ஊகிக்கலாம். நகரத்தின் சுதந்திரத்தை அறிவிக்கும் வரிகள் அதன் கேடயத்தைச் சுற்றி இருக்கின்றன.

ஜெர்மன் பேரரசு முழுவதும் மீட்டர் கட்டாயமானது 1872 ஜனவரி 1 அன்று. அதற்குப் பின் இந்தக் கம்பிகளுக்கு வேலை இல்லை. இருந்தும் சுவரில் விட்டுவைத்தார்கள், பார்க்கிறவர்களுக்கு அது பெரிய பாக்கியம். சில ஊர்களில் இப்போது இருப்பது நகல், மூலம் அருங்காட்சியகத்தில் இருக்கும். அருகில் பலகை இருந்தால் 'கோப்பி' அல்லது 'நாக்பில்டுங்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் நகலைக் குறிக்கும்.

கல்லில் துளைகள், கோடுகள், குறிகள்

கல் கட்டடத்தில் துளை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம், துளை இருக்கிறது என்பதல்ல.

ஒவ்வொரு கல்லின் முகத்திலும் ஏறத்தாழ நடுவில், சற்று மேலாக, ஒரே ஒரு சிறு குழி இருந்தால் அது தூக்கு இடுக்கியின் பல் பதிந்த இடம். கல்லின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒவ்வொரு குழி வெட்டி, கத்தரி போன்ற இரும்பு இடுக்கியை மாட்டி, ஆள் உள்ளே நின்று மிதிக்கும் பெரிய சக்கரத்தால் கயிற்றை இழுப்பார்கள். கல்லின் எடை கூடக்கூட இடுக்கி இறுகும். குழியை எடைமையத்துக்கு மேலே வெட்டாவிட்டால் கல் அந்தரத்தில் புரண்டுவிடும், அதனால்தான் அது எப்போதும் நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறது. ஜெர்மன் நாடுகளில் இந்த முறை 13-ஆம் நூற்றாண்டில் பரவியது. எனவே இந்தக் குழிகள் வரிசையாகத் தெரியும் சுவர் அதற்கு முந்தியது அல்ல என்று துணிந்து சொல்லலாம். குழி இல்லாவிட்டால் முந்தியது என்று சொல்ல முடியாது. கல்லின் மேல்முகத்தில் ஆப்பு இறக்கித் தூக்கும் முறையும் இருந்தது, அதன் தடம் அடுத்த கல்லுக்கு அடியில் மறைந்துவிடும்.

துளைகள் கல்லின் நடுவில் இல்லாமல், இரண்டு கற்கள் சேரும் இணைப்பை ஒட்டி, தாறுமாறாகக் குடைந்தாற்போல் இருந்தால் கதையே வேறு. ட்ரியர் நகரத்தின் ரோமானிய வாயிலான போர்ட்டா நிக்ராவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சுண்ணாம்புச் சாந்து இல்லை. கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்து ஈயம் ஊற்றியிருந்தார்கள். இடைக்காலத்தில் இரும்புக்கும் ஈயத்துக்கும் விலை இருந்ததால் சுவரைக் குடைந்து அவற்றை எடுத்துப் போனார்கள். அந்தத் திருட்டின் தழும்புகள்தான் அந்தத் துளைகள். அதே வாயிலில் கல்லின் முகம் பல இடங்களில் முரடாக, செதுக்கி முடிக்காமல் இருப்பதையும் கவனியுங்கள். கட்டுமானம் முழுமை பெறவே இல்லை. கிழக்குப் பக்கம் அரைவட்டமாக ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். 11-ஆம் நூற்றாண்டில் சிமெயோன் என்ற துறவி இங்கே வாழ்ந்து மறைந்தார், பின்னர் வாயில் தேவாலயமாக மாறியது. நெப்போலியன் 1804-இல் தேவாலயத்தை அகற்றச் சொன்னார். மிஞ்சியது அந்த அரைவட்டம் மட்டுமே. தேவாலயமாக இருந்ததால்தான் ரோமானிய வாயில் இடிபடாமல் நம் காலம் வரை வந்தது.

மூன்றாவது வகை, குண்டு பட்ட குழி. வாய் அகன்று உட்புறம் குறுகி, ஓரம் சிதறியிருக்கும். ஜன்னலைச் சுற்றியும் தெரு மூலையிலும் கூட்டமாகத் தெரியும். இடுக்கிக் குழி ஒருபோதும் அப்படிக் கூட்டமாக வராது.

கல்லின் முகத்தில் அம்பு, சிலுவை, கொக்கி போல விரல் நீளக் குறிகள் தெரிந்தால் அவை கல்தச்சர் அடையாளங்கள். ரகசியச் சங்கத்தின் சங்கேதம் என்று சொல்லும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள். எத்தனை கல் செதுக்கினோம் என்று கணக்குக் காட்டிக் கூலி வாங்குவதற்காக வெட்டிய குறி அது. ஒரே குறி கட்டடத்தின் இரண்டு பகுதிகளில் வந்தால், அந்த இரண்டும் ஒரே தலைமுறையில் எழுந்தன என்று ஊகிக்க இடம் உண்டு. நோட்டில் வரைந்துகொண்டு சுற்றி வாருங்கள், மிக மகிழ்ச்சியான வேலை அது.

இன்னும் விடை கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. தேவாலய வாசல் ஓரங்களில், இடுப்பு உயரத்தை ஒட்டி, நெட்டுவாக்கில் படகு வடிவப் பள்ளங்கள், சில நேரம் வட்டக் குழிகள். ஜெர்மனில் 'ஷாப்ரில்லென்', சுரண்டல் கோடுகள். ஆயுதத்தைத் தீட்டியதால் வந்தது என்கிறார்கள், புனிதக் கட்டடத்தின் கல்தூளை மருந்தாகச் சுரண்டி எடுத்தார்கள் என்கிறார்கள், ஈஸ்டர் நெருப்பு மூட்டியதால் என்கிறார்கள். எதுவும் நிரூபணமாகவில்லை. பிரவுன்ஷ்வைக் பேராலயத்தின் வாசலில் உள்ள கோடுகளுக்கு ஊரார் சொல்லும் காரணம் மனத்தைத் தொடும். 'சிங்கம்' என்று பட்டப்பெயர் பெற்ற ஹென்றி பிரபு 1195-இல் இறந்து உள்ளே அடக்கமானபோது, அவர் வளர்த்த சிங்கம் எஜமானிடம் போக வேண்டும் என்று வாசலைப் பிறாண்டியதாம். அதே போன்ற கோடுகள் சிங்கமே காணாத எத்தனையோ ஊர்த் தேவாலயங்களிலும் இருக்கின்றன. கதையின் வயது வேறு என்பதற்கு அதுவே போதும்.

மர வீடுகள்

'ஃபாக்வெர்க்' என்னும் மரச்சட்டக வீட்டைப் பார்க்கும்போது கண் தானாக மேலே போகும். கீழே இருக்கும் கதவில் தொடங்குங்கள். ஐன்பெக் ஊரின் டீடெக்ஸர் தெருவில் சில வீடுகளின் வாசல் வளைவு இரண்டாம் மாடியைத் தொடும் அளவுக்கு உயரமாக இருக்கும். வண்டி போக அவ்வளவு உயரம் தேவையில்லை. ஐன்பெக்கில் பீர் காய்ச்சும் உரிமை நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு இருந்தது, கொப்பரை மட்டும் ஊருக்குச் சொந்தம். ஊர்ச் சம்பளம் வாங்கும் வடிப்பவர் கொப்பரையோடு வீடு வீடாக வருவார். அந்தக் கொப்பரை நுழையும் அளவுக்குக் கதவு வைத்தார்கள். பின்னாளில் பலர் வளைவின் மேல்பாதியை அடைத்து ஜன்னல் வைத்துவிட்டார்கள். கதவைச் சுற்றியுள்ள மரத்தில் வளைவின் தடம் எங்கே முடிகிறது என்று தேடினால் பழைய உயரம் தெரியும். கூரையில் வரிசையாகத் தெரியும் சிறு திறப்புகளையும் கவனியுங்கள், பீருக்கு வேண்டிய மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்தையும் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவையும் உலர்த்திச் சேமித்த பரண்களுக்குக் காற்று போகும் வழி அவை. 'போக்' பீரின் பெயரே இந்த ஊர்ப் பெயரிலிருந்து மருவியது. 1540-இல் ஊர் எரிந்துவிட்டதால் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை.

செதுக்கு வேலையும் காலம் சொல்லும். கீழ்ச்சாக்சனிப் பகுதியில் படிக்கட்டு போல ஏறி இறங்கும் கோடு விட்டத்தில் ஓடினால், 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1530-கள் வரை என்று கொள்ளலாம். பாதி விரித்த விசிறி போன்ற பூக்கள் வரிசையாக வந்தால் 1530-களுக்குப் பின், அந்த நூற்றாண்டின் முடிவு வரை. இது பொதுவான கணக்கு, ஒரு வீட்டுக்குத் தீர்ப்பு அல்ல.

திடமான தீர்ப்பு மர வளையத்தில் இருக்கிறது. க்வெட்லின்பூர்க்கில் 'வோர்ட்காஸ்ஸெ 3' என்ற மெலிந்த வீட்டின் மரங்கள் 1346/47-இல் வெட்டப்பட்டவை என்று வளையங்களை எண்ணிக் கண்டார்கள். இரட்டை ஆண்டு போட்டிருந்தால் குளிர்காலத்தில் வெட்டிய மரம் என்று பொருள். ஓக் காய்ந்தால் இரும்பாக இறுகிவிடும் என்பதால் பச்சையாகவே இழைத்துக் கட்டினார்கள். ஆகவே வெட்டிய ஆண்டுக்கும் கட்டிய ஆண்டுக்கும் இடைவெளி ஓரிரு வருடம்தான். பழைய விட்டத்தை எடுத்து வேறு வீட்டுக்குப் போட்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். மரத்தில் எதுவும் பொருந்தாத வெற்றுத் துளைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள், தெரிந்தால் அது இரண்டாம் முறை பயன்பட்ட மரம்.

மரங்கள் சேரும் இடத்தில் உளியால் வெட்டிய கோடுகள் இருக்கும், ரோமன் எண்கள் போல. தச்சர் தரையில் சட்டத்தைப் பொருத்திப் பார்த்துப் பிரித்து, மேலே ஏற்றும்போது எது எதோடு சேரும் என்று தெரிவதற்காக இட்ட வரிசை எண் அது. ஆண்டு என்று நினைத்து நோட்டில் எழுதிவிடாதீர்கள். ஹில்டெஸ்ஹைம் வீட்டை மரபு முறையில் ஓக் மரத்திலேயே திரும்பக் கட்டினார்கள் என்பதால், மரமூட்டு இருப்பது மட்டுமே பழமைக்குச் சான்று ஆகாது. விளிம்பு கூராக, எல்லாக் கட்டையும் ஒரே நிறத்தில், ஒரே நேர்கோட்டில் இருந்தால் பேரழிவுத் தேதிகளை எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள்.

ஆண்டைத் தவறாகப் படிக்கும் வழிகள்

15-ஆம் நூற்றாண்டு எழுத்தில் 4 என்பது அடிப்பகுதி வெட்டுப்பட்ட 8 போல, முடிச்சிட்ட நாடா மாதிரி இருக்கும். 7 கூரை முகடு மாதிரி இரண்டு கோடுகளாக நிற்கும். பழக்கமில்லாதவர் முதலாவதை 8 என்றும் இரண்டாவதை எழுத்து என்றும் படித்துவிடுவார். முதல் எண் 1 என்றால் அடுத்தது பெரும்பாலும் 4, 5, 6, 7 இவற்றில் ஒன்றுதான். அதை வைத்துத் தொடங்குங்கள். வடபகுதியின் செங்கல் வீடுகளில் சுவரை விட்டத்தோடு பிணைக்கும் இரும்பு நங்கூரங்களையே எண் வடிவில் அடித்திருப்பார்கள். நான்கும் வீட்டின் முகப்பில் அகலமாகப் பரவியிருப்பதால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றால்தான் ஆண்டு சேரும். 'ரெனோவாட்டும்' அல்லது 'ரெனோவ்.' என்று இருந்தால் அது புதுப்பித்த ஆண்டு.

கதவு மேல் சாக்பீஸால் 20, அடுத்து ஸே, எம், பே (C, M, B) என்ற மூன்று எழுத்துகள், கடைசியில் இன்னொரு இரண்டு இலக்கம் எழுதியிருந்தால் அது பழைய கல்வெட்டு அல்ல. ஜனவரி 6-ஐ ஒட்டி மூன்று ராஜாக்கள் வேடமிட்டு வரும் பிள்ளைகள் வீட்டை வாழ்த்தி எழுதியது, முன்னும் பின்னும் உள்ள எண்களைச் சேர்த்தால் நடப்பு ஆண்டு.

லத்தீன் வாக்கியத்தின் நடுவில் சில எழுத்துகள் மட்டும் பெரிதாகவோ பொன் பூசியோ தெரிந்தால் அது எழுத்தில் ஒளித்த ஆண்டு. எம் (M) 1000, டே (D) 500, ஸே (C) 100, எல் (L) 50, எக்ஸ் (X) 10, வி (V) 5, ஐ (I) 1 என்று பெரிய எழுத்துகளை மட்டும் கூட்டுங்கள். வரிசை முக்கியமில்லை, கழித்தல் கிடையாது. பெரிதாக இல்லாத ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடன் மன்னர் குஸ்டாவ் அடால்ஃப் வெளியிட்ட பதக்கம் உதாரணம். 'கிறிஸ்துவே தலைவர், ஆகவே வெற்றி' என்ற லத்தீன் வாக்கியம். பெரிய எழுத்துகளைக் கூட்டினால் 1627. 'டுக்ஸ்' (DuX) என்ற சொல்லின் நடு எழுத்து யு சிறியது, லத்தீனில் அதுவும் வி-யும் ஒன்றே என்பதால் அதையும் 5 என்று சேர்த்தால் 1632. அது அவர் லூட்ஸன் போரில் இறந்த ஆண்டு. தவறான விடை இவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆகவே இரண்டு முறை கூட்டுங்கள்.

சரியாகப் படித்த ஆண்டும் தவறாக இருக்கலாம். லூபெக்கின் ஹோல்ஸ்டன் வாயிலில் 1477 என்றும் 1871 என்றும் பெரிதாக எழுதியிருக்கிறது. இரண்டாவது, வாயிலைப் பழுதுபார்த்த ஆண்டு. முதல் ஆண்டையும் பழுதுபார்த்தவர்கள்தான் எழுதினார்கள். கட்டி முடித்தது அப்போதுதான் என்று நினைத்தார்கள். உண்மையில் கட்டுமானம் 1464-இல் தொடங்கி 1478-இல் முடிந்தது. 1863-இல் இதை இடிக்கலாமா என்று நகர மன்றத்தில் வாக்கெடுத்தபோது ஒரே ஒரு வாக்கில் தப்பியது. உள்ளே போனால் இரு பக்கச் சுவர்களின் கனத்தை ஒப்பிடுங்கள். ஊருக்கு வெளிப்பக்கம் 3.5 மீட்டர், உட்பக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. பீரங்கி எந்தத் திசையிலிருந்து வரும் என்று எதிர்பார்த்தார்கள் என்பதைக் கல்வெட்டைவிடச் சுவரே தெளிவாகச் சொல்கிறது.

கதையை வயதுக்கு உட்படுத்துதல்

மியூனிக் ஃப்ராவென் தேவாலயத்தின் தரையில் ஒரு காலடித் தடம். சாத்தான் மிதித்தது என்பார்கள். ஜன்னலே இல்லாத கோயில் கட்டிவிட்டார்கள் என்று மகிழ்ந்து காலை உதைத்தானாம். அந்த இடத்தில் நின்றால் தூண்கள் பக்க ஜன்னல்களை மறைக்கும். ஆனால் நேர் எதிரே பலிபீடத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இன்று நன்றாகத் தெரிகிறது. 17-ஆம் நூற்றாண்டில் வைத்த உயரமான பரோக் பலிபீடம் அதை மறைத்திருந்தது. ஆகவே ஜன்னலே தெரியாத கோயில் என்ற இந்தக் கதை, 15-ஆம் நூற்றாண்டுக் கட்டுமானக் காலத்தில் பிறந்திருக்க முடியாது. கதை நடந்த இடத்தில் நீங்களே நின்று, என்ன தெரிகிறது, எப்போது தெரிந்திருக்க முடியும் என்று பார்ப்பதே இந்தச் சோதனை. கதையைக் கொல்வதற்காக இதைச் செய்வதில்லை. எந்தத் தலைமுறை அந்தக் கதையைத் தேவைப்பட்டு உருவாக்கியது என்று தெரிந்தால் ரசனை இரட்டிப்பாகும்.

ரோத்தன்பூர்க்கில் 1631-இல் நகரத் தலைவர் மூன்றேகால் லிட்டர் திராட்சை மதுவை ஒரே மூச்சில் குடித்து ஊரைக் காப்பாற்றியதாகக் கடிகாரப் பொம்மைகள் நடித்துக் காட்டும். முப்பதாண்டுப் போரில் கத்தோலிக்கத் தரப்புத் தளபதி டில்லியின் (Tilly) படை ஊரைப் பிடித்தது உண்மை. ஆனால் குடித்துக் காத்த கதையை ஊர் கொண்டாடும் நாடகம் 1881-இல் முதலில் மேடையேறியது, பொம்மைகள் வந்தது 1910-இல்.

இல்லாததைப் படிப்பது

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள். சந்தைச் சதுக்கம் ஒன்றின் நடுவில் அல்லது ஓரத்தில் மரியாளுக்கான தேவாலயம் நின்றால், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று தேடிப் பாருங்கள். நியூரம்பெர்க்கில் யூதர் குடியிருப்பை 1349-இல் அழித்து, அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். அவர்கள் வீடுகள் இருந்த இடம் சந்தையானது, ஜெப ஆலயம் இருந்த இடத்தில் ஃப்ராவென் தேவாலயம் எழுந்தது. வூர்ஸ்பூர்க்கில் அதே ஆண்டு ஜெப ஆலயம் அழிந்தது, அங்கே மரியா தேவாலயம் நிற்கிறது. ரேகன்ஸ்பூர்க்கில் இது 1519-இல் நடந்தது. யூதர்களை விரட்டிய கையோடு அந்த இடத்தில் மரியாளுக்கு யாத்திரைக் கோயில் வைத்தார்கள். இன்று அங்கே டானி காரவன் அமைத்த வெண்ணிறத் தளம் ஜெப ஆலயத்தின் அடித்தள வடிவத்தைக் காட்டுகிறது, அதன் மேல் உட்காரலாம்.

அதே ஆண்டு யூதர் கல்லறைத் தோட்டத்தையும் பெயர்த்து, கற்களை வெற்றிச் சின்னமாக வீடுகளில் பதித்தார்கள். ரேகன்ஸ்பூர்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் சுவரில் ஹீப்ரு எழுத்துள்ள கல் தெரிந்தால் அது அலங்காரம் அல்ல, ஒருவருடைய கல்லறை. எழுத்து தலைகீழாகவோ பக்கவாட்டிலோ இருக்கலாம். படம் எடுப்பதாக இருந்தாலும் அதில் சாய்ந்து நிற்காதீர்கள்.

எர்ஃபுர்ட்டில் பழைய ஜெப ஆலயம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் மிகப் பழைய மரம் 1094-ஐச் சேர்ந்தது. 1349 படுகொலைக்குப் பின் அதைக் கிடங்காக மாற்றினார்கள், பிறகு விருந்துக்கூடமும் நடனக்கூடமும் வந்தன. அடையாளம் மறைந்துபோனதுதான் அதைக் காப்பாற்றியது.

தரையையும் பாருங்கள். வீட்டு வாசலுக்கு முன்னால் பத்து செ.மீ. சதுரப் பித்தளைத் தகடு பதித்திருந்தால் அது குண்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய 'ஷ்டோல்பர்ஷ்டைன்', நாஜிகளுக்குப் பலியானவர்களின் நினைவுக்கல். பெரும்பாலும் 'ஹியர் வோன்டெ' என்று தொடங்கும், இங்கே வசித்தார் என்று பொருள். அடுத்து பெயர், பிறந்த ஆண்டு, நாடுகடத்திய தேதி, கொன்ற இடம். 2023-இல் ஒரு லட்சமாவது கல் நியூரம்பெர்க்கில் பதிந்தது. வெயில் பட்டுக் கண் கூசினால் உங்கள் நிழலை அதன் மேல் விழவிட்டுப் படியுங்கள்.

ஆற்றங்கரையில்

வெள்ளக் குறிகளைப் படிப்பது எளிது, தவறும் எளிது. பாசாவ் நகரமன்றக் கோபுரத்தில் உச்சியில் 1501, அதற்குக் கீழே 2013. அந்த ஆண்டு ஜூன் 3 அன்று டான்யூப் அளவுமானி 12.89 மீட்டர் காட்டியது. அந்த எண்ணைத் தெருவிலிருந்து அளந்த உயரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவுமானியின் பூஜ்ஜியம் ஆற்றுப் படுகைப் பக்கம் எங்கோ இருக்கிறது. சுவரில் அளக்கும்போது எழுத்தையோ எண்ணையோ அல்ல, கோட்டை அளக்க வேண்டும். 1342 ஜூலை வெள்ளத்தின் குறியை ஹன்னோவர் முண்டனில் ப்ளாசியுஸ் தேவாலயச் சுவரில் காணலாம். இவ்வளவு பழைய குறிகளைப் பொறுத்தவரை, அதற்குப் பின் தெருவை எவ்வளவு உயர்த்தினார்கள் என்று கேளுங்கள். தேவாலயத்துக்குள் படி இறங்கிப் போக வேண்டியிருந்தால் தெரு உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆண்டுகளை ஒப்பிடும்போது மாதத்தையும் பாருங்கள். கொலோனின் 1784 பிப்ரவரி வெள்ளம் 13.55 மீட்டரைத் தொட்டதற்குப் பனிக்கட்டி உறைந்து அடைத்ததே காரணம். மழை வெள்ளத்தோடு அதைச் சேர்த்துக் கணக்குப் போட முடியாது.

ஹாலெயில் ஒரு நாள்

தமிழ் வாசகர் ஒருவர் பயிற்சிக்கு ஒரே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் ஹாலெ போகலாம். ஃபிராங்கெ அறநிலையத்தின் அனாதை இல்ல முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள், கீழே ஏசாயா 40:31. அதே வளாகத்தில் நூறு மீட்டரைத் தாண்டும் மரச்சட்டகக் கட்டடம், உளிக் குறிகளைத் தேடுவதற்கு நல்ல இடம். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு இந்த நிறுவனத்தோடு தொடர்புடையவர். தரங்கம்பாடி மிஷனரிகளுக்காகத் தமிழ் அச்செழுத்துகளை ஹாலெயில்தான் முதலில் வார்த்து அனுப்பினார்கள். இங்கிருந்து போனவர்கள் திருப்பி அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் இங்கேதான் இருக்கின்றன. மேல்தளத்து அதிசயப் பொருள் அறையை நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம். சுவடிகளைப் பார்க்க வேண்டும் என்றால் எந்தச் சுவடி, எதற்காக என்று ஆவணக் காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதி நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.